பச்சை உடம்பும் பச்சைப் பிள்ளையும்: பிரசவம் முடிந்த முதல் 42 நாட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போய்வரும் எனக்கு, பிரசவத்துக்கு முன் வரும் கேள்விகளைவிடப் பிரசவத்துக்குப் பின் வரும் கேள்விகளே அதிகம். அவற்றில் பாதியைக் கேட்பவர் பெற்றவள் அல்ல. வாசலிலேயே வழிமறிக்கும் மாமியாரும், வண்டியைத் திருப்பும்போது தயங்கித் தயங்கி அருகில் வரும் கணவரும்தான் கேட்கிறார்கள். கர்ப்பக் காலத்தில் மாதந்தோறும் எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் என்று அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த குடும்பம், பிள்ளை பிறந்த மறுநாளே கண்ணைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுகிறது. தாய் அறையின் மூலையில் தனியாகப் படுத்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் இருவரைப் பற்றியும் பதில் இருக்கிறது. ஆனால் தாயைப் பற்றிய பதில்களை முதலில் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது.

42 நாள் என்பது என்ன கணக்கு? எங்கள் வீட்டில் 40 நாள் தீட்டு என்கிறார்களே?

குழந்தை பிறந்தவுடன் கருப்பை தொப்புள் மட்டத்தில் உருண்டு கெட்டியாக இருக்கும். அதன் பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விரற்கடை அளவு கீழே இறங்கி, பத்துப் பதினான்கு நாட்களில் வெளியிலிருந்து கைக்குத் தட்டுப்படாதபடி இடுப்பெலும்புக்குள் போய்விடும். அது பழைய அளவுக்குத் திரும்ப ஆறு வாரம் ஆகும். உலக சுகாதார நிறுவனமும் பிரசவம் முடிந்து 42 நாட்களுக்குள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நேரும் இறப்பையே தாய் மரணம் என்று கணக்கிடுகிறது. நம் முன்னோர் சொன்ன 40 நாளும் ஏறக்குறைய இதே காலம்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. ஓய்வு, பத்தியச் சாப்பாடு, கனமான வேலை கூடாது என்பவையெல்லாம் அந்தக் கணக்கின் நல்ல பக்கம். ஜன்னல் இல்லாத அறையில் கிழிந்த பாயில் ஒதுக்கி வைப்பதும், தொட்டால் தீட்டு என்று அவளைத் தொட்டுப் பார்க்காமலே விடுவதும் அதன் கெட்ட பக்கம். காய்ச்சல் இருக்கிறதா என்பது தொட்டால்தான் தெரியும்.

மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் பணி முறை. அந்த நாட்களில் அவள் தாய்வீட்டில் இருப்பதாக இருந்தால், அந்த ஊரின் துணை சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள்.

ரத்தப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? எப்போது பயப்பட வேண்டும்?

முதல் மூன்று நான்கு நாட்களுக்குச் சிவப்பாகவும், அதன்பின் பத்து நாள் வரை பழுப்பு கலந்த இளஞ்சிவப்பாகவும், பிறகு வெளிர்மஞ்சளாகவும் மாறி, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்து, போக்கு சற்றுக் கூடினால் அது கருப்பை சுருங்குவதன் அடையாளம், அஞ்ச வேண்டியதில்லை. குறைந்துகொண்டே வந்த போக்கு திடீரென்று சிவப்பாகப் பெருகுவதும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய நாப்கின் முழுவதும் நனைவதும், எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி விழுவதும், கெட்ட வாடை வீசுவதும் வேறு கதை. "கெட்ட ரத்தம் போனால் நல்லதுதான்" என்று சொல்லிக் காத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிரசவம் முடிந்த பெண்ணின் உடம்பில் கெட்ட ரத்தம் என்று ஒன்று தனியாக இல்லை. போவது அவளுடைய ரத்தம்தான். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளுக்கு, மற்றவளுக்குத் தாங்கக்கூடிய இழப்பே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ரத்தப்போக்கு தவிர வேறு எந்த அறிகுறிக்குத் தாயை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்?

முதலில் தலைவலி. பிரசவம் முடிந்துவிட்டால் ரத்த அழுத்தப் பிரச்சினையும் முடிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் சரியாக இருந்தவளுக்குக்கூடப் பிரசவத்துக்குப் பிறகு, குறிப்பாக முதல் வாரத்தில், அது ஏறலாம். ஆறு வாரம் வரை அந்த வாய்ப்பு உண்டு. விடாத தலைவலி, கண் மங்குவது அல்லது பூச்சி பறப்பது போலத் தெரிவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், தைலம் தேய்த்துப் படுக்க வைக்காமல் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140-க்கு 90 என்று வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். 160-க்கு 110 என்று வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு வந்தபின் "காத்துக் கருப்பு" என்று மந்திரிக்கப் போய் இழந்த நேரம் திரும்பி வராது.

அடுத்தது காய்ச்சல். 100.4 பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால், அது பால் கட்டியதால் வந்த காய்ச்சலாக இருக்கலாம். கருப்பையில் கிருமி சேர்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது ஆகியவை ரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது மிகவும் ஆபத்தானது.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையைத் தீர்க்க முடிந்தால் என் பணிக்காலத்தின் பாதிப் பயன் கிடைத்துவிடும் என்று நினைப்பதுண்டு. சித்திரை வெயிலில் நாளுக்கு இரண்டு தம்ளர் வெந்நீர் மட்டும் குடித்துக்கொண்டு, உதடு வெடித்து, சிறுநீர் மஞ்சளாகக் கடுத்துப் போய், மலச்சிக்கலால் தையல் விண்ணென்று தெறிக்க அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவர் இருவர் அல்ல. தண்ணீர் தையலுக்குள் போகாது. வயிறு பெருத்திருப்பது தசை தளர்ந்திருப்பதால், தண்ணீரால் அல்ல. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகத்துக்கேற்பத் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு நீர் இருக்கட்டும். வெந்நீராகத்தான் கொடுப்போம் என்றால் கொடுங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பால்சுறாப் புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவுதான். சுறாப் புட்டில் புரதம் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு மனம் நிறைந்து ஒருத்தி ஓய்வாக உட்கார்ந்து பால் கொடுத்தால் பால் ஊறத்தான் செய்யும். பழம், காய், பருப்பு, முட்டை, தயிர் ஆகியவற்றை "குளிர்ச்சி, வாயு" என்று தள்ளி வைப்பதைத்தான் ஏற்க முடியாது. பிரசவ லேகியம் வீட்டில் கிண்டியது என்றால் நெல்லிக்காய் அளவு சாப்பிடலாம். என்ன சேர்த்தார்கள் என்று தெரியாத கடை லேகியத்தை, அதிலும் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், தொட வேண்டாம்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் எனக்கு முதுகுவலி. இது காலம் முழுக்க இருக்குமா?

ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி முதல் சில நாட்களில் சிலருக்கு வரும். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் அல்ல. ஒன்பது மாதம் முன்பாரம் சுமந்து தளர்ந்த வயிற்றுத் தசை, நெகிழ்ந்த இடுப்பு மூட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிலின் நடுவில் கூன்போட்டு உட்கார்ந்து பால் கொடுக்கும் பழக்கம் ஆகியவையே காரணம். சுவரில் சாய்ந்து உட்காருங்கள். மடியில் இரண்டு தலையணை வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். குழந்தையை நோக்கி நீங்கள் குனிய வேண்டாம்.

தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி வையுங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். விபூதி, மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். சிவந்து சூடாகி வலி கூடினாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள். வயிற்றுத் தையல் உள்ளவர் ஆறு வாரத்துக்குத் தம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம் நிச்சயமாக வேண்டாம்.

இரண்டு நாளாகியும் பால் வரவில்லை. பவுடர் பால் கொடுக்கலாமா?

வந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். முதல் மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சில துளிகளே வரும். பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை கொள்வது ஏறத்தாழ 5 முதல் 7 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான். கிருமியை எதிர்க்கும் பொருட்கள் அந்தத் துளிகளில் செறிந்திருப்பதால் அதைக் குழந்தையின் முதல் தடுப்பூசி என்று சொல்லலாம். அதைப் பழைய பால் என்று பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதை இன்றைக்கும் எங்கேனும் ஓரிடத்தில் பார்க்கத்தான் செய்கிறேன். சுகப்பிரசவமோ சிசேரியனோ, முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும். அறுவைச் சிகிச்சை மேசையில் தாய் விழிப்போடு இருந்தால் அங்கேயே தொடங்கலாம். மூன்றாம் நான்காம் நாளில் மார்பு கனத்துப் பால் பெருகும். குழந்தை சப்பினால்தான் பால் ஊறும் என்பதால், இடையில் கொடுக்கும் ஒவ்வொரு புட்டிப் பாலும் தாய்ப்பாலைக் குறைக்கவே செய்யும்.

ஒரு தாய் வீடு திரும்பும்போது மருத்துவமனைப் பைக்குள் பவுடர் பால் டப்பா ஒன்று இலவசமாக இருந்ததைப் பார்த்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. தாய்மார்களுக்கு அப்படி மாதிரி டப்பா கொடுப்பதையும், அதற்கு விளம்பரம் செய்வதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அது வேறு. பயத்தினால் தொடங்குவது வேறு.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தை எப்போதும் அழுகிறதே?

அழுகையை வைத்து அளக்காதீர்கள். நனைந்த துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு, ஒரு பகலும் இரவும் சேர்ந்து ஆறு முறைக்கு மேல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் பால் போதுகிறது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பே. முதல் சில நாட்களில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அந்த எடை திரும்பிவிட வேண்டும். நான் தோளில் மாட்டி வரும் தூளித் தராசு இதற்காகத்தான். "கண் பட்டுவிடும், எடை போட வேண்டாம்" என்று சொல்லும் பாட்டிமாரிடம், முள் எங்கே நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல் அட்டையில் எழுதிவிட்டுப் போவதாக ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கிறேன். எடை தெரிந்தால் போதும் எனக்கு.

ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், அக்கினி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

மார்புக் காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், பிடிக்கும் முறையை மாற்றுங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். வாய் கொட்டாவி விடுவது போல அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகும்படி, குழந்தையை மார்பை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடங்கி, தாடை மார்பில் பட்டிருந்தால் பிடி சரி. பால் கொடுத்து முடித்தபின் கடைசித் துளிப் பாலையே காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். பால் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சிறிது கையால் பீய்ச்சிவிட்டுக் குழந்தையைக் குடிக்க விட வேண்டும். ஓரிடம் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால் மருந்து தேவைப்படலாம். அப்போதும் அந்த மார்பில் பால் கொடுப்பதைத் தொடரலாம்.

குழந்தையை எப்போது குளிப்பாட்டலாம்? பாட்டி குளிப்பாட்டும் முறை சரியா?

பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்ட வேண்டாம். துடைத்து, தலைக்குத் துணி கட்டி, தாயின் உடம்போடு ஒட்டி வைத்தால் போதும். எடை குறைந்த குழந்தையை எடை தேறும்வரை வெதுவெதுப்பான துணியால் துடைத்து எடுங்கள்.

மனைப்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் குழந்தையின் தலையைத் தாங்கி, ஒரு கையால் ஊற்றி ஒரு கையால் தேய்க்கும் அந்தத் திறமையை நான் ரசித்திருக்கிறேன். என் பயிற்சிக் காலத்தில் எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு, மெதுவாக எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதில் ஒரு தவறும் இல்லை. அதோடு சேர்ந்து வரும் சிலவற்றைத்தான் விட வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மூக்கில் ஊதுவதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். வாய்க்குள் விரலை விட்டுச் சளி எடுக்கக் கூடாது. மார்பில் தெரியும் சிறு கட்டியைப் பிதுக்கிப் பால் எடுக்கக் கூடாது. அந்தக் கட்டி தாயின் ஹார்மோனால் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் வருவது, தானே வற்றிவிடும். பிதுக்கினால் சீழ்க்கட்டி ஆகும். இதே ஹார்மோன் காரணமாகப் பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் வெள்ளைப்பட்டு, ஒரு பொட்டு ரத்தமும் வரலாம். அதற்கும் பயம் வேண்டாம். மூக்கு நீளட்டும் என்று இழுத்துவிடுவதால் மூக்கு நீளாது, குழந்தை அழுவது மட்டும்தான் மிச்சம்.

சாம்பிராணிப் புகை குழந்தையின் நுரையீரலுக்கு வேண்டாத சுமை. அறையில் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குழந்தையை வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். கண்மையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வையுங்கள்.

தொப்புள்கொடிக்கு என்ன போடுவது?

எதுவும் போட வேண்டாம். சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், சாணம், பவுடர் எதுவும் வேண்டாம். உலர்ந்து 5 முதல் 15 நாட்களுக்குள் தானே விழும். அரைஞாணும் துணியும் அதற்குக் கீழே இருக்கட்டும். தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். பிறந்த குழந்தைகளை ஒரு காலத்தில் கொண்டுபோன ரணஜன்னி (டெட்டனஸ்) பெரும்பாலும் இந்தத் தொப்புள் வழியாகத்தான் நுழைந்தது. கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் அது ஒழிந்துவிட்ட நிலையை இந்தியா 2015-இல் எட்டியது.

சேனை வைப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, கிரைப் வாட்டர் ஆகியவை?

மூன்றும் வேண்டாம். சேனையாக நாக்கில் வைக்கும் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். நாக்கில் தொட்டு வைக்கும் சொட்டுக்கும் அது பொருந்தும். குடும்பத்தின் பெரியவர் குணம் குழந்தைக்கு வர வேண்டும் என்பதுதான் சேனையின் நோக்கம் என்றால், அவரைக் குழந்தையை மடியில் வைத்து ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவதை நான் தடுப்பதில்லை. கயிறு இறுகாமலும் வாய்க்கு எட்டாமலும் இருக்க வேண்டும். உரைகல்லில் உரைத்து நாக்கில் தடவுவதைத் தடுக்கிறேன், அந்தக் கல்லை வெந்நீரில் கழுவிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

குழந்தை மஞ்சளாக இருக்கிறது. இளவெயிலில் காட்டினால் போதுமா?

இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கும் லேசான மஞ்சள் பல குழந்தைகளுக்கு வந்து, தானே மறையும். காலை வெயில் இதற்குச் சிகிச்சை அல்ல. துணியில்லாமல் வெயிலில் வைத்தால் குழந்தை குளிர்ந்தோ சூடேறியோ போகும். மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்கு வேறு வகை வெளிச்சம். நீங்கள் செய்ய வேண்டியது அடிக்கடி பால் கொடுப்பதும் பார்ப்பதும்தான். பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்து, நெற்றி, நெஞ்சு, வயிறு, உள்ளங்கால் என்று ஒவ்வோர் இடமாக விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் ஒரு நொடி வெளிறும்போது மஞ்சள் தெரியும். மஞ்சள் மேலிருந்து கீழாக இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அது மிகுதி. மூளையைப் பாதிக்கக்கூடிய நிலை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கிய மஞ்சள், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும் மஞ்சள், இரண்டு வாரம் கழித்தும் போகாத மஞ்சள், மலம் வெள்ளையாகப் போகும் மஞ்சள் ஆகிய நான்கையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கீழாநெல்லி அரைத்துக் குழந்தைக்குப் புகட்டுவதும் கூடாது.

தாயின் ரத்த வகை நெகட்டிவ், குழந்தையினது பாசிட்டிவ் என்றால் தாய்க்கு ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இப்போது பிறந்த குழந்தைக்காக அல்ல, அடுத்ததற்காக. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

குழந்தை 2 கிலோதான். இன்குபேட்டர் வாங்க முடியாத வீட்டில் எப்படிக் காப்பது?

பால் குடிக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிய குழந்தைக்குத் தாயின் நெஞ்சைவிட நல்ல கதகதப்பு இல்லை. தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் சுற்றிக் கட்டுவதைக் கங்காரு முறை என்கிறார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது இது. ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், நாளில் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை நேரம் செய்யலாம். தகப்பனும் செய்யலாம். பனியனைக் கழற்றச் சொன்னால் முதலில் வெட்கப்படுவார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

குழந்தைக்கு எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

நன்றாகக் குடித்த குழந்தை குடிக்க மறுப்பதுதான் முதல் மணி. மற்றவை அதன் பின்னே வரும். மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைச் சுவர்க்கடிகார முள்ளைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணுங்கள். மறுபடியும் 60-ஓ மேலோ வந்தால் கிளம்புங்கள். விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகுவது, உதடு நீலமாவது, வலிப்பு, தொட்டால் மட்டும் அசைவது, உடம்பு சுடுவது ஆகியவையும் அவசரம்தான். நம் ஊரில் எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள். வயிறும் பாதமும் சில்லிட்டிருப்பது அதே அளவுக்கு ஆபத்து என்பதை மறந்துவிடுகிறார்கள்.

"உரம் விழுந்திருக்கிறது" என்று சேலையில் போட்டு உருட்டுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொண்டுவரப்படும் குழந்தை விடாமல் அழுதுகொண்டோ பால் குடிக்காமலோ இருக்கும். அதற்குக் காதுவலி, குடல் முறுக்கு, கிருமித் தொற்று என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். கழுத்து நிற்காத குழந்தையை உருட்டி அந்தக் காரணத்தை வெளியே எடுக்க முடியாது.

தடுப்பூசிகள் எவை?

பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. ரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே ஊசியும் அப்போதே போடப்படும். அடுத்தது ஆறாவது வாரத்தில். தாயின் 42-ஆம் நாள் பரிசோதனையும் அப்போதுதான் என்பதால் இரண்டையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம்.

பெற்றவள் காரணமில்லாமல் அழுகிறாள். மாமியார் கொடுமையா, மனநோயா?

மூன்றாம் நாள் முதல் சில நாட்களுக்குக் கண்ணீரும் எரிச்சலும் பலருக்கு வரும். ஹார்மோன் சரிவும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. தூங்க விட்டு, சாப்பாடு கொடுத்து, குறை சொல்லாமல் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சரியாகும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றால், குழந்தை மேல் ஒட்டுதலே இல்லை என்றோ செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றோ அவள் சொன்னால், அது சிகிச்சை உள்ள மன அழுத்த நோய். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். காதில் குரல் கேட்கிறது என்றாலோ குழந்தையைச் சந்தேகத்தோடு பார்த்தாலோ ஒரு நொடியும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பெண் பிள்ளை பிறந்த வீட்டில் இந்தக் கேள்வி என்னிடம் சற்று அதிகமாக வருகிறது. அந்த வீடுகளில் மருந்து முதலில் தேவைப்படுவது யாருக்கு என்று நான் கேட்டுவிடுவதும் உண்டு.

பிரசவம்தான் முடிந்துவிட்டதே, சத்து மாத்திரை இன்னும் எதற்கு?

இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். இழந்த ரத்தம் சுறாப் புட்டால் மட்டும் ஊறிவிடாது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிடலாம். டீ, காபி, பாலோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில், சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போவது மாத்திரையின் நிறம்தான்.

கணவன் மனைவி எப்போது சேரலாம்? பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காது என்பது உண்மையா?

போக்கு நின்று, தையல் ஆறி, முக்கியமாக அவளுக்கு மனம் இருந்தால், ஆறு வாரத்துக்குப் பிறகு சேரலாம். இரண்டாவது கேள்விக்குப் பாதி உண்மை என்பதே பதில். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும்; இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும்; மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு நம்பத்தக்கது. ஒன்று தவறினாலும் போய்விடும். மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரும் என்பதால், "இன்னும் குளிக்கவே இல்லையே" என்ற கணக்கு ஏமாற்றும். ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயிறு உப்புசம் என்று வந்த ஒருத்திக்கு, பரிசோதித்தபோது நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கீரை விற்கப் போகும்போது குழந்தைக்குப் பகலில் பசும்பால் கொடுத்து வந்ததாகச் சொன்னாள்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டும். அதற்கு வழிகள் பல. காப்பர்-டி-யைப் பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள், அல்லது ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம்; வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு வேலை செய்யும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், நெஞ்சுக்கு ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைப் பால் கொடுப்பவர் ஆறு வாரத்துக்குப் பின் தொடங்கலாம். மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போவதோ நின்றுபோவதோ அதன் இயல்பு என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பாதியில் விடமாட்டீர்கள். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. மாலா-என் போன்ற தினசரி மாத்திரை பால் கொடுப்பவருக்கு முதல் ஆறு மாதம் ஏற்றதல்ல. குடும்பம் நிறைந்துவிட்டது என்றால் பெண்ணுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையைப் பிரசவம் ஆன ஏழு நாட்களுக்குள் செய்யலாம். ஆணுக்கான கத்தியில்லா, தையலில்லா முறை இதைவிட எளிது. சில நிமிட வேலை, ஆண்மை குறையாது, அதன்பின் மூன்று மாதத்துக்கு மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். இத்தனை எளிதாக இருந்தும் இதைக் கேட்டு என்னிடம் வந்த ஆண்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

வேண்டாத கர்ப்பம் தங்கிவிட்டால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைக்க வேண்டாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மருத்துவமனையில் பாதுகாப்பாகவும் ரகசியமாகவும் செய்துகொள்ளக்கூடிய ஒன்று. எத்தனை சீக்கிரம் வருகிறீர்களோ அத்தனை எளிது.

42-ஆம் நாள் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

தாய் சேய் நல அட்டை, மருத்துவமனை கொடுத்த வீடு திரும்பும் சீட்டு, பிறப்புச் சான்றிதழ். கர்ப்பத்தின்போது பதிவு செய்து தந்த 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தவணைகளுக்கும் அதுவே அடிப்படை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயரை ஓராண்டுக்குள் சேர்க்கலாம் என்பதால் பெயர் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்குத் தாயின் ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு, தையல், மார்பு ஆகியவற்றைப் பார்ப்போம். இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் சொட்டுகிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பயிற்சி சொல்லித்தருகிறேன். குழந்தைக்கு ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டியிருக்கும், ஆகவே துணைக்கு ஒருவரையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்.